எண்ணி காட்டிய சுழியம்



கணினி நிரல் எழுதும் இளைஞர் ஒருவர் சில மாதங்களுக்கு முன் என்னைக் காண வந்தார். கையில் இரண்டு தாள்கள். இரண்டும் ஒரே நிரலைச் சோதித்த கணக்குகள். முதல் தாளில் எல்லாக் கட்டங்களிலும் சுழியம். இரண்டாவது தாளில், இரண்டு சொற்களை ஒப்பிட்டுப் பார்க்கும் ‘எஸ்டிஆர்கம்ப்’ என்னும் சின்னஞ்சிறு செயற்கூறு, ஒவ்வொரு முறை அழைக்கப்படும்போதும் ஏறத்தாழ 1,800 துடிப்புகளை விழுங்குவதாக எழுதியிருந்தது.

அவர் வேலை செய்யும் இடத்தில் இரண்டாவது தாளை நம்பினார்கள். நூலகத்தில் உள்ள செயற்கூறுதான் நிரலைத் தாமதப்படுத்துகிறது என்று முடிவு கட்டி, அதற்குப் பதிலாகச் சொந்தமாக ஒன்றை எழுதச் சொன்னார்கள். அதில் மூன்று வாரங்கள் போயின. எழுதி முடித்து ஓட்டிப் பார்த்தால், நிரல் முன்போலவே நத்தையாக நகர்ந்தது. “உன் அளவையை நம்பித்தானே இவ்வளவும் செய்தோம்?” என்று மேலாளர் கேட்டிருக்கிறார். இளைஞரின் ஒப்பந்தம் புதுப்பிக்கப்பட வேண்டிய நேரம் அது. அவர் என்னிடம் கேட்ட கேள்வி ஒன்றே ஒன்று: “சார், எண்ணி பொய் சொல்லுமா?”

எண்ணி பொய் சொல்லாது. ஆனால் எதை எண்ணச் சொன்னோம், அது எப்போது எண்ணியது, எப்போது எண்ணாமல் இருந்தது என்பதெல்லாம் நாம் கேட்டால்தான் தெரியும். இன்றைய பேச்சு இதைப் பற்றியதுதான்.

முதலில் எண்ணி என்றால் என்னவென்று பார்ப்போம். கணினியின் செயலிக்குள்ளேயே சில சிறிய பதிவகங்கள் உண்டு. டாக்சியில் மீட்டர் ஓடுவதுபோல, செயலி வேலை செய்யச் செய்ய அவை தாமாகவே எண்ணிக்கொண்டிருக்கும். எத்தனை கடிகாரத் துடிப்புகள் கழிந்தன, எத்தனை ஆணைகள் நிறைவேறின, கேஷ் நினைவகத்தில் தேடிய பொருள் எத்தனை முறை கிடைக்காமல் போயிற்று, கிளை பிரியும் இடத்தில் செயலியின் ஊகம் எத்தனை முறை தவறிற்று என்பனவெல்லாம் அவற்றில் பதியும். இன்டெல் நிறுவனம் 1993இல் வெளியிட்ட பென்டியம் செயலியில் இத்தகைய எண்ணிகள் இரண்டு இருந்தன. தொடக்கத்தில் அவற்றைப் பற்றிய விவரத்தை நிறுவனம் பொதுமக்களுக்கு வெளியிடவில்லை. வெளியாள்கள் துருவிக் கண்டுபிடித்து 1994இல் பைட் இதழில் எழுதினார்கள். லினக்ஸ் இயங்குதளத்தில் இவற்றைப் படிப்பதற்கான பொதுவான வழி 2009இல், 2.6.31ஆம் பதிப்பில் சேர்க்கப்பட்டது. அதனுடன் வந்த கருவிதான் ‘பெர்ஃப்’.

இனி முதல் தாளுக்கு வருவோம். எல்லாம் சுழியம் என்று காட்டிய தாள் அது. அந்தச் சோதனை எங்கே நடந்தது என்று கேட்டேன். வாடகைக்கு எடுத்த மேகக் கணினியில் என்றார். எனக்குப் பாதி விடை அப்போதே கிடைத்துவிட்டது.

மேகத்தில் நமக்குத் தரப்படுவது பெரும்பாலும் முழுக் கணினி அன்று. ஒரு பெரிய கணினிக்குள் மென்பொருளால் வகுத்துத் தரப்பட்ட மெய்நிகர் பொறி. அடுக்குமாடி வீட்டில் குடியிருப்பவர், கட்டடத்தின் மின்மானி அறைக்குள் நுழைய முடியாதல்லவா? அதுபோலவே, பொறியை வகுத்துத் தரும் மென்பொருள் உள்ளே இருக்கும் நிரலுக்கு எண்ணிகளைக் காட்டாமலே வைத்திருக்கலாம். அப்படியிருந்தால், கணினி துவங்கும்போது எழுதும் பதிவேட்டில், செயலி எண்ணிகளுக்கு இயக்கி இல்லை, மென்பொருள் எண்ணிக்கைகள் மட்டுமே கிட்டும் என்னும் பொருளில் ஒரு வரி இருக்கும். இதைச் சரிபார்க்க இன்னொரு எளிய வழியும் உண்டு. ‘பெர்ஃப் ஸ்டாட்’ கட்டளையிடம், நிரல் எத்தனை முறை இடம் மாற்றி அமர்த்தப்பட்டது என்ற மென்பொருள் எண்ணிக்கையையும் கடிகாரத் துடிப்பின் எண்ணிக்கையையும் சேர்த்துக் கேளுங்கள். முன்னது எண்ணாக வந்து, பின்னது ஆதரவில்லை என்று வந்தால், குறை உங்கள் நிரலில் இல்லை. அந்தப் பொறியில் எண்ணியே உங்களுக்குக் கிடையாது.

‘பெர்ஃப்’ நேர்மையான கருவி. இல்லையென்றால் ஆதரவில்லை என்று சொல்லிவிடும். இருந்தும் எண்ணவில்லை என்றால் எண்ணப்படவில்லை என்று சொல்லும். இரண்டும் வேறு வேறு. நம் இளைஞர் பயன்படுத்திய கருவியோ, எண்ணியைத் திறக்க முடியாவிட்டால் அந்தக் கட்டத்தை வெறுமையாக விட்டுவிட்டது. அவர் எழுதிய சிறு நிரல் அந்த வெறுமையைச் சுழியம் என்று எடுத்துக்கொண்டது. என் அனுபவத்தில் இதைவிட ஆபத்தான பிழை அளவைத் தொழிலில் குறைவு. மீட்டர் பொருத்தாத வீட்டுக்குத் தண்ணீர்க் கட்டணம் ஒன்றுமில்லை என்று பட்டியல் அனுப்புவது போன்றது அது.

எண்ணி திறக்க மறுக்கும்போது, கெர்னல் காரணத்தை ஒரு பிழை எண்ணாகச் சொல்லும். கருவி அதை மறைத்தாலும், ‘எஸ்ட்ரேஸ்’ கொண்டு கெர்னலுக்குச் செல்லும் அழைப்புகளைப் பார்த்தால் தெரிந்துவிடும். 2 என்று வந்தால் அப்படியோர் எண்ணிக்கை இந்தப் பொறியில் இல்லை என்று பொருள். மெய்நிகர் பொறியில் நாம் அடிக்கடி காண்பது இது. 13 என்று வந்தால் உங்களுக்கு அனுமதி போதவில்லை. 1 என்று வந்தால், நிரல் டாக்கர் போன்ற கொள்கலத்துக்குள் ஓடுகிறதா என்று பாருங்கள். டாக்கரின் வழக்கமான பாதுகாப்பு வடிகட்டி இந்த அழைப்பைக் கெர்னலின் உட்பகுதிக்குப் போக விடாமல் வாசலிலேயே திருப்பி அனுப்பிவிடும்.

அனுமதியைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். லினக்ஸில் ‘பெர்ஃப் ஈவன்ட் பாரனாய்டு’ என்றோர் அமைப்பு உண்டு. மிகையாக ஐயுறுவது என்பது அந்தச் சொல்லின் பொருள். எவ்வளவு ஐயுறுவது என்பதை ஓர் எண் குறிக்கும். 2016இல் வந்த 4.6ஆம் பதிப்பிலிருந்து அதன் இயல்பான மதிப்பு 2. அந்த நிலையில் சாதாரணப் பயனர் ஒருவர் தம் சொந்த நிரலை அளக்கலாம். ஆனால் அந்த நிரலுக்காகக் கெர்னல் செய்யும் வேலையை அளக்க இயலாது. டெபியன், உபுண்டு முதலியவை இதைவிடக் கூடுதலான மதிப்பை வைத்து, சாதாரணப் பயனருக்குக் கதவை அறவே சாத்தி வைப்பதுண்டு. இதை அறியாத ஒரு கருவி, பயனர் பகுதியையும் கெர்னல் பகுதியையும் சேர்த்தே எண்ணக் கேட்கும், கிடைக்காமல் போகும். பயனர் பகுதி மட்டும் போதும் என்று கேட்டிருந்தால், மதிப்பு 2ஆக உள்ள கணினியில் கிடைத்திருக்கும்.

இணையத்தில் தேடினால், அந்த எண்ணை -1 ஆக்கிவிடு, எல்லாம் சரியாகிவிடும் என்று பலர் எழுதியிருப்பார்கள். உங்கள் மேசைக் கணினியில் ஒரு மணி நேரத்துக்கு அப்படிச் செய்தால் பரவாயில்லை. பலர் பங்கிட்டுப் பயன்படுத்தும் கணினியில் செய்யாதீர்கள். பிறருடைய நிரல் என்ன செய்கிறது என்பதை எண்ணிகளின் ஏற்ற இறக்கத்திலிருந்தே ஊகிக்க முடியும் என்பதால்தான் அந்தக் கதவு இருக்கிறது. 2020இல் வந்த 5.8ஆம் பதிப்பு முதல், அளக்கும் உரிமையை மட்டும் தனியாக ஒரு கருவிக்குக் கொடுக்க வழி செய்திருக்கிறார்கள். அதுவே முறையான வழி.

இனி, எண்ணி திறந்தது, எண்ணும் வந்தது. ஆனாலும் எண் நம்பத்தக்கதா? செயலியில் உள்ள எண்ணிகள் சிலவே. பல ஆண்டுகளாக இன்டெல் செயலிகளில் ஓர் இழைக்கு, குறித்த வேலைக்கென்று ஒதுக்கிய மூன்றும், நாம் விரும்பியதை எண்ண நான்கும் இருந்தன. பின்னர் வந்தவற்றில் கூடியிருக்கின்றன. ஏஎம்டியின் ஜென் வகைச் செயலிகளில் ஆறு. இவற்றிலும் ஒன்றைப் பல அமைப்புகளில் கெர்னலின் காவல்காரன் எடுத்துக்கொள்கிறான். கணினி உறைந்துபோயிற்றா என்று அவ்வப்போது பார்ப்பதற்காக அவனுக்கு ஓர் எண்ணி வேண்டும்.

பத்து வகை எண்ணிக்கைகளை நாம் கேட்டால், கெர்னல் என்ன செய்யும்? சாலையோரத்தில் ஒற்றை ஆள் உட்கார்ந்து வாகனக் கணக்கெடுப்பதை எண்ணிப் பாருங்கள். கால் மணி நேரம் லாரிகளை எண்ணுவார். அடுத்த கால் மணி நேரம் பேருந்துகளை எண்ணுவார். மாலையில் ஒவ்வொன்றையும் இரண்டால் பெருக்கி நாள் கணக்கு எழுதுவார். கெர்னலும் அதையே செய்கிறது. சில மில்லி நொடிக்கு ஒருமுறை எண்ணிகளை மாற்றி மாற்றி ஒதுக்குகிறது. 100 மில்லி நொடி ஓடிய நிரலில் ஓர் எண்ணி 25 மில்லி நொடி மட்டுமே இயங்கி 40 இலட்சம் எண்ணியிருந்தால், கருவி நான்கால் பெருக்கி ஒரு கோடியே 60 இலட்சம் என்று காட்டும். நீண்ட நேரம் ஒரே சீராக ஓடும் நிரலுக்கு இந்த மதிப்பீடு ஓரளவு பொருந்தும். ஆனால் சின்னஞ்சிறு நூலகச் செயற்கூறு ஒன்று பெரும்பாலும் ஒரு மில்லி நொடியில் ஆயிரத்தில் ஒரு பங்குகூட ஓடுவதில்லை. அது அழைக்கப்பட்ட நொடியில் நம் எண்ணி இருக்கையில் இருந்ததா, வெளியே நின்றதா என்பது தற்செயல். வெளியே நின்றிருந்தால் நுழைவிலும் வெளியேற்றத்திலும் ஒரே எண், கழித்தால் சுழியம். இதைப் பெருக்கிச் சரிசெய்யவும் முடியாது.

ஆகவே, செயற்கூறுகளை ஒவ்வொன்றாக அளக்கும்போது எண்ணிக்கை வகைகளை இரண்டு அல்லது மூன்றோடு நிறுத்திக்கொள்ளுங்கள். எண்ணியைத் திறந்து வைத்திருந்த நேரத்தையும், அது உண்மையில் இயங்கிய நேரத்தையும் சேர்த்துத் தருமாறு கெர்னலைக் கேட்கலாம். இரண்டும் ஒன்றாக இல்லாவிட்டால் அந்த அளவையைக் குப்பையில் போடலாம். இடம் போதாவிட்டால் காவல்காரனைச் சற்று நேரம் நிறுத்தி வைக்கலாம். மறவாமல் மீண்டும் வேலைக்கு வைத்துவிடுங்கள்.

2021இல் வந்த ஆல்டர் லேக் போன்ற செயலிகளில் இன்னொரு சிக்கலும் உண்டு. அவற்றில் வலுவான கருக்கள் சில, சிக்கனமான கருக்கள் சில. இரண்டு வகைக்கும் எண்ணித் தொகுதி வேறு வேறு. ஒரு வகைக்கென்று திறந்த எண்ணி, நிரல் மற்ற வகைக்கு மாறிச் சென்றால் எண்ணாது. நிரலை ஒரே கருவில் கட்டிப்போட்டு அளப்பதே எளிது. அதுபோலவே ஓர் இழைக்குத் திறந்த எண்ணி, அடுத்த இழையின் வேலையைத் தானாகச் சேர்த்துக்கொள்ளாது.

இரண்டாவது தாளுக்கு வருகிறேன். என் நண்பரின் வேலையையே ஆட்டங்காண வைத்தது அதுதான். ஆனால் அதற்கு முன், நூலகச் செயற்கூறு அழைக்கப்படும் வழியைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

பழைய தொலைபேசி நிலையத்தை நேயர்களில் மூத்தவர்கள் அறிவார்கள். ஓர் ஊருக்குப் பேச வேண்டுமென்றால், இணைப்பாளரை அழைப்போம். அவர் புத்தகத்தில் தேடி எண்ணைக் கண்டுபிடித்து இணைப்பார். லினக்ஸில், நிரலொன்று நூலகச் செயற்கூற்றை முதன்முறை அழைக்கும்போது நடப்பதும் இதுவே. அழைப்பு ஓர் இணைப்பு அட்டவணைக்குப் போகிறது. அங்கிருந்து இயங்குநிலை இணைப்பான், நூலகங்களில் அந்தப் பெயரைத் தேடி முகவரியைக் கண்டு, குறித்து வைக்கிறது. இரண்டாம் முறை தேடல் இல்லை. குறித்த முகவரிக்கு நேரே போகும். ஆகவே முதல் அழைப்பின் எண்ணிக்கை மற்றவற்றைவிடப் பன்மடங்கு பெரிதாக இருக்கும். சராசரி எடுத்தால் அது எல்லாவற்றையும் கெடுத்துவிடும். ‘எல்டி பைண்ட் நவ்’ என்ற சூழல் மாறிக்கு மதிப்புக் கொடுத்து நிரலைத் துவக்கினால், தேடல் முழுவதும் தொடக்கத்திலேயே முடிந்துவிடும். கூடவே, சராசரியை விட்டு நடுவெண்ணைப் பாருங்கள்.

நூலக அழைப்புகளைப் பின்தொடரும் ‘எல்ட்ரேஸ்’, ‘யூஎஃப்ட்ரேஸ்’ முதலிய கருவிகள் பெரும்பாலும் இந்த இணைப்பு அட்டவணையில்தான் காத்து நிற்கின்றன. ஆகவே அட்டவணை வழியே வராத அழைப்பு அவற்றின் கண்ணில் படாது. நிரலைத் தொகுக்கும்போது அட்டவணை வேண்டாமென்று ஒரு விருப்பம் கொடுத்திருந்தால் அழைப்பு நேரே போய்விடும். நூலகத்தை நிரலோடு நிலையாகப் பிணைத்துவிட்டாலும் அப்படியே. சில வேளைகளில் தொகுப்பியே, சிறிய நினைவக நகலெடுப்பு போன்றவற்றுக்கு அழைப்பே இல்லாமல் இரண்டு மூன்று ஆணைகளை அந்த இடத்திலேயே எழுதிவிடும். அழைப்பே நடக்காதபோது எண்ணி என்ன செய்யும்?

இன்னுமொரு வேடிக்கை. ‘மெம்கப்பி’, ‘எஸ்டிஆர்கம்ப்’ போன்றவற்றுக்குக் குனு சி நூலகத்தில் ஒரே பெயரில் பல வடிவங்கள் உண்டு. செயலி எந்த வகை என்று ஓடும் நேரத்தில் பார்த்து, அதற்கேற்ற வடிவத்தை நூலகமே தேர்ந்தெடுக்கும். ஆகவே வீட்டுக் கணினியில் அளந்த ‘எஸ்டிஆர்கம்ப்’பும் அலுவலகக் கணினியில் அளந்த ‘எஸ்டிஆர்கம்ப்’பும் பெயரால் ஒன்று, உள்ளிருக்கும் ஆணைகள் வேறாக இருக்கலாம்.

சரி, 1,800 துடிப்புகள் எங்கிருந்து வந்தன? சிறிய சொற்கள் இரண்டை, அவை கேஷிலேயே இருக்கும்போது ஒப்பிடப் பத்திருபது துடிப்புகளே தாராளம். விநாடிக்கு 300 கோடி துடிப்புகள் துடிக்கும் செயலியில் அது கண்ணிமைப்பதைவிட எத்தனையோ குறைவு. அளக்கும் கருவியோ, செயற்கூற்றின் நுழைவாயிலில் ஒருமுறை, வெளியேறும் வாயிலில் ஒருமுறை என்று, எண்ணியைப் படிக்கக் கெர்னலுக்குள் போய் வருகிறது. ஒருமுறை போய்வரச் சில நூறு துடிப்புகளாவது ஆகும். பாதுகாப்புத் தடைகள் கூடிய கணினிகளில் ஆயிரத்தையும் தாண்டும். நுழைவில் எண்ணைப் படித்த பிறகு கெர்னலிலிருந்து திரும்பி வரும் பயணம், அதைக் குறித்து வைக்கும் வேலை, வெளியேறும்போது எண்ணைப் படிப்பதற்காக மீண்டும் உள்ளே போகும் பயணம், இவை மூன்றும் செயற்கூற்றின் கணக்கிலேயே ஏறிவிடுகின்றன.

தோட்டத்தில் வளர்ந்த நேயர்களுக்கு இது எளிதில் விளங்கும். மரம் சீவுகிறவர் நிரை முழுவதையும் முடித்து, பாலைக் கொண்டுவந்து கொட்டகையில் நிறுப்பது வழக்கம். கிராணி ஒவ்வொரு மரத்தடிக்கும் தராசோடு வந்து நின்று, மங்கில் உள்ள பாலை நிறுத்து எழுதிவிட்டு, ‘ஒரு மரம் சீவ இந்த ஆளுக்குப் பத்து நிமிடம் ஆகிறது’ என்று துரையிடம் சொன்னால் எப்படியிருக்கும்? பத்து நிமிடத்தில் ஒன்பதரை நிமிடம் கிராணியினுடையது. கெட்ட பெயர் மட்டும் சீவியவருக்கு.

இதை வாயால் சொன்னால் மேலாளர் ஏற்கமாட்டார் என்பதால், அந்த இளைஞரை ஒரு சோதனை செய்யச் சொன்னேன். ஒன்றுமே செய்யாத ஒரு செயற்கூறு எழுதுங்கள். உள்ளே போனதும் திரும்பிவிட வேண்டும்; அவ்வளவுதான். அதைத் தனி நூலகமாகத் தொகுத்து, அதே கருவியால், அதே எண்ணியால், அதே கணினியில், ஓர் இலட்சம் முறை அழைத்து அளந்து பாருங்கள் என்றேன். மறுநாள் மாலை தொலைபேசியில் அழைத்தார். அந்த வெறும் செயற்கூற்றுக்கும் நடுவெண் 1,770ஐ ஒட்டியே வந்திருந்தது. எஞ்சிய முப்பது துடிப்புகளே ‘எஸ்டிஆர்கம்ப்’பின் பங்கு. அதிலும் எவ்வளவு உண்மை என்று சொல்வதற்கில்லை. அளவையின் ஆட்டமே அந்த அளவுக்கு இருந்தது.

எண்ணியைக் கெர்னலுக்குப் போகாமலே படிக்க, எக்ஸ்86 செயலிகளில் ஓர் ஆணை உண்டு. கெர்னல் அனுமதித்த இழை, சில பத்துத் துடிப்புகளில் எண்ணைப் படித்துவிடலாம். மிகச் சிறிய செயற்கூறுகளை அளந்தே தீரவேண்டும் என்பவர்கள் அந்த வழியை நாடவேண்டும். அதிலும் எண்ணி அந்த நேரத்தில் இருக்கையில் இருக்கிறதா என்பதை, கெர்னல் பகிர்ந்து தரும் நினைவகப் பக்கத்தில் ஒவ்வொரு முறையும் பார்த்துக்கொள்ள வேண்டும்.

நம் இளைஞருக்கோ அது தேவைப்படவில்லை. நிரல் ஏன் மெதுவாக ஓடுகிறது என்பதே அவருடைய கேள்வி. அதற்கு ஒவ்வொரு அழைப்பையும் நிறுத்தி விசாரிக்க வேண்டியதில்லை. எண்ணி குறித்த அளவைத் தாண்டும்போதெல்லாம், செயலி அப்போது எந்த இடத்தில் நிற்கிறது என்று ஒரு குறிப்பு எடுத்தால் போதும். இதற்கு மாதிரி எடுத்தல் என்று பெயர். இதைத்தான் ஆளை நிறுத்தாமல் தூரத்திலிருந்து பார்க்கும் முறை என்பேன். இங்கும் குறித்த இடம் ஓரிரு ஆணைகள் தள்ளி விழுவதுண்டு. ஆனால் எந்தச் செயற்கூறு என்று அறிய அது தடையாகாது.

அலுவலக மேசைக் கணினியில் அப்படி எடுத்துப் பார்த்தபோது, ‘எஸ்டிஆர்கம்ப்’ பட்டியலின் அடிப்பகுதியில் கிடந்தது. முதலிடத்தில் நின்றது அவர்களே எழுதிய ஒரு சுழல். பெயர்களைச் சங்கிலிப் பட்டியலாக நினைவகம் எங்கும் சிதறவிட்டு, ஒவ்வொரு கண்ணியாகத் தேடிப் போகும் சுழல் அது. ஒரு துடிப்புக்கு எத்தனை ஆணைகள் என்று கணக்கிட்டால் ஒன்றில் கால்பங்குகூட இல்லை. கேஷில் தேடிய பொருள் கிடைக்காமல், செயலி பெரும்பாலான நேரம் நினைவகத்தை எதிர்பார்த்துக் கைகட்டி நின்றிருக்கிறது. நூலகச் செயற்கூறு மட்டுமன்று, மூன்று வாரம் வியர்வை சிந்தி எழுதிய புதிய செயற்கூறும் அந்தத் தாமதத்துக்குக் காரணமில்லை. அதனால்தான் எதை மாற்றியும் பயன் விளையவில்லை.

வெற்றுச் செயற்கூற்றின் கணக்கையும் மாதிரிக் கணக்கையும் ஒரே தாளில் அச்சிட்டு மேலாளரிடம் கொடுத்தார். சங்கிலியை எடுத்துவிட்டு, பெயர்களை வரிசையாக அடுக்கி வைக்கும் முறைக்கு மாற்ற நான்கு நாள்கள் ஆயின. சொந்தமாக எழுதிய ஒப்பீட்டுச் செயற்கூற்றை நீக்கிவிட்டு, பழைய ‘எஸ்டிஆர்கம்ப்’பையே மீண்டும் வைத்துக்கொண்டார்கள். ஒப்பந்தம் ஓராண்டுக்குப் புதுப்பிக்கப்பட்டதாகச் சென்ற வாரம் சொன்னார். மேகக் கணினியில் இன்றும் எண்ணி கிடையாது; ஆனால் அவருடைய நிரல் இப்போது அந்தக் கட்டத்தில் சுழியம் எழுதுவதில்லை. ‘அளக்கப்படவில்லை’ என்று எழுதுகிறது.